பத்தே காலுக்கு வருபவள்

காலை ஏழே முக்கால்.
பாயான் லெப்பாஸ் கம்பெனி பஸ்
ரேலாவ் பிளாட் வாசலில் என்னை உதிர்த்துவிட்டுப் போகும்.
குளித்து, சோறு வைத்து, துணி காயப்போட்டு
பத்து மணிக்குத்தான் தூக்கம் என்னைச் சேர்த்துக்கொள்ளும்.
பத்தே காலுக்கு லோரி வரும்.

சூராட் காபார் லாமா…
பேட்டரி லாமா…
ஒலிபெருக்கிக்குள் ஒரு பெண்.
மூக்கடைத்த குரல், நடுவே மூச்சு வாங்காதவள்.
பழைய தாள், பழைய ஐஸ்பெட்டி, ஓடாத காற்றாடி,
எல்லாம் இருக்கிறதா என்று கேட்பாள்.
தூங்கினாயா என்று மட்டும் கேட்கமாட்டாள்.

பதினோராவது மாடி.
ஏற ஏறச் சத்தம் குறையும் என்று எவன் சொன்னான்?
எதிர் பிளாக்கில் முட்டித் திரும்பி
என் ஜன்னலுக்கு இரண்டு தடவை வருகிறது.

மற்றவர்களோடு எனக்கு வழக்கில்லை.
ரொட்டிக்காரர் இரண்டே அமுக்கு, போய்விடுவார்.
ஐஸ்கிரீம் மோட்டாரின் மணி பிள்ளைகளுக்கு.
கேஸ் தோங் இரும்போடு இரும்பு இடித்து இறங்கும்,
இறங்கட்டும், உலை கொதிக்க வேண்டுமே.
இந்த லோரிதான் நகராது.
பாக்கி வசூலிக்க வந்தவனைப்போல
ஒவ்வொரு தூணிடமும் நின்று நின்று போகும்.

"காதை அடைத்துக்கொண்டு படு" என்கிறாள்
பக்கத்து வீட்டுத் தவமலர்.
அடைக்காமலா இருப்பேன்?
கம்பெனி கொடுத்த ஆரஞ்சு அடைப்பான்
டப்பா நிறையக் கிடக்கிறது.
அடைத்தால் லோரி போய்விடும்,
இயந்திரம் வந்துவிடும்.
டக், இழு. டக், இழு.
எட்டு வருஷ ராத்திரி
காதுக்குள் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது.

போன வியாழன் லிஃப்டும் கெட்டிருந்தது.
நைட்டியோடு, முடியை அள்ளிச் செருகி இறங்கினேன்,
படிக்கு ஒரு வசவாகச் சேர்த்துக்கொண்டு.
மலாயில் பாதி, தமிழில் பாதி,
கெட்டதெல்லாம் தமிழில்.

லோரியை மறித்துக் கண்ணாடியைத் தட்டினேன்.
ஓட்டுகிறவன் தலையைச் சாய்த்து
ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தான்.
அப்புறம் மறு காதிலிருந்து.
பழுப்பேறிய மருந்துக்கடைப் பஞ்சு.
"ஆப்பா?" என்றான்.

சேர்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் இல்லை.
மேலே கையைக் காட்டி
"யார் அந்தப் பொம்பளை?" என்று கேட்டேன்.
தெரியாதாம். கடையில் வாங்கியதாம்,
பாட்டரியோடு முப்பது ரிங்கிட்.
அவளை அணைத்தால்
ஒரு வீட்டிலிருந்தும் ஒரு தாள் இறங்காதாம்.
பேர் பூன் ஹெங்.
எனக்கிருப்பது போலவே கண்ணுக்குக் கீழே கறுப்பு.

சனிக்கிழமை இறங்கிப் போய்
ஒரு கைப்பிடி ஆரஞ்சு அடைப்பான் கொடுத்தேன்.
உருட்டி, திணித்து,
கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

திங்கட்கிழமையிலிருந்து
அவள் இன்னும் உரக்கக் கூப்பிடுகிறாள்.
அவனுக்குத்தான் இப்போது சுத்தமாகக் கேட்பதில்லையே.
தலையணையை மடித்து மேலே கவிழ்த்துப் படுத்திருக்கிறேன்,
யாரைத் திட்டுவது என்று தெரியாமல்.