தொண்டி 12 மைல்

உப்பூர் தாண்டி, வேலிக்கருவைக்குள்
சுருட்டுக் குடிக்கிற முனி.
கருவாட்டு லாரிகள் நின்று
எலுமிச்சை நசுக்கிப் போகும்.
லெப்பைக்கனிக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை,
ஹாரன் மட்டும் அடிப்பார், மூன்று முறை.

சாலை அகலமாக வந்த அன்று
வில்லாயுதம் சேவல் அறுத்து
மன்னிப்புக் கேட்டுச் சந்தனம் சுரண்டினான்.
எண்ணெய்ப் பிசுக்கு,
மஞ்சள்,
யாரோ வைத்த இன்னொரு சந்தனம்,
அதற்கும் அடியில்
உளி வெட்டிய எழுத்து:
தொண்டி 12 மைல்.

யாரும் சிரிக்கவில்லை.
பொக்லைன் அணைந்தது.
பூசாரி கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு
"கணக்குச் சரிதான்" என்றார்.

கிடைத்த புறம்போக்கு
அரைக் கல் தெற்கே.
நடும்போது கூட்டத்தில் ஒரு குரல்:
"இங்கே வச்சா
சாமி பொய் சொன்னதா ஆயிருமே?"

வில்லாயுதம் திரும்பவும்
சந்தனம் குழைத்தான்,
இந்தமுறை கெட்டியாக.