எடைமேடை

லாபிஸ் சாலையில், செம்பனை ஆலை வாசலில்,
குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுப்பது என் வேலை.
சன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் இரும்புத் தளம்.
நடுவில் சிவப்பு எண்கள்.
காற்றடித்தாலே பத்து கிலோ ஆடும்.

செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு பத்துக்கு
சிங்காரம் அண்ணன் ஏறி நின்றார்.
பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
சீட்டை நீட்டினேன்.
வாங்கக் கை வரவில்லை.

கண் திறந்திருந்தது, அதில் யாரும் இல்லை.
உதடு எதையோ மென்றது.
விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி
பிறகு உடம்பு முழுக்க வெட்டத் தொடங்கியது.
அறுநூற்று இருபது. அறுபது. இருபது. அறுபது.
ஒரு மனுஷனின் வலிப்பை
நான் எண்ணில் பார்த்தேன்.

கொக்கியைப் போட்டுவிட்டு பாபுல் ஓடி வந்து
கதவைத் திறந்து தலையைத் தாங்கினான்.
இரும்பு கொடு, கையில இரும்பு கொடு, என்றது ஒரு குரல்.
இரும்புத் தளத்தின் மேல்
இரும்பு லோரிக்குள்
கைக்குக் கிடைத்தது சாவிதான்.
இஞ்சினை அணைத்து, உருவி,
அவர் விரல்களுக்குள் திணித்தது நான்.

"எத்தன?" என்றார் விழித்ததும்.
"வெயிட்டு எத்தனம்மா?"
அதன்பிறகுதான் நனைந்த கால்சட்டையைப் பார்த்தார்.

"மாத்திர ரெண்டு நாளு விட்டுப்போச்சு.
ரோஸ்லிகிட்ட சொல்லிடாத.
இது மூணாவது தடவதான்."

அரைமணி நேரம் நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு
அவரே ஓட்டிக்கொண்டு போனார்.
நாங்கள் ஐந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆ கியோங்கிடம் வாங்கிய லோரி,
இன்னும் பதினாலு மாதத் தவணை.
வெள்ளத்தன்று, வேறு எந்த வண்டியும் இறங்காத தண்ணீரில்
காய்ச்சலில் கொதித்த என் மகனைச்
செகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்ததும் இதே லோரி.

"உனக்கெதுக்கு ஊர்வம்பு" என்றார் வீட்டுக்காரர்.
"அவரே சொல்லணும், இல்ல
பார்த்தவங்க யாராச்சும்" என்றார் கிளினிக்கில் ஃபரிடா,
என் முகத்தைப் பார்க்காமல்.
பூங்காவனம் அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
சந்தையில் என்னைக் கண்டதும்
கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு வரிசைக்குப் போனார்.
அவருக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

காட்டிக் கொடுப்பது என்கிறோம்.
பன்னிரண்டு வருஷமாக நான் செய்வது வேறென்ன?
திரையில் எடையைக் காட்டுகிறேன்,
கையில் சீட்டைக் கொடுக்கிறேன்.
கல்லும் மண்ணும் கலந்து வந்தால்
அதையும் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

ஆலைக்கும் டவுனுக்கும் ஏழு கிலோமீட்டர்.
ஐந்தாவதில் ஒரு வளைவு, வளைவில் தமிழ்ப்பள்ளி.
ஒரு மணிக்கு மணி அடித்தால்
ஐஸ் கடைக்குக் குறுக்கே ஓடும் வெள்ளைச் சட்டைகள்.
நூற்றிப்பத்துப் பிள்ளைகளில்
நெஞ்சு முதலில் என் பிள்ளையைத்தான் தேடுகிறது.
அதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை குலையை இறக்கிவிட்டு
வெறும் வண்டியாக மேடைக்கு வந்தார்.
ஒன்பதாயிரத்து இருநூறு.
சீட்டை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னேன்:
"திங்கக்கெழம நான் ரோஸ்லிகிட்ட சொல்லிடுவேண்ணே.
அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன்.
சீட்டை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்,
பையில் வைத்தார்.
"தம்பிக்கு இப்ப காய்ச்சலெல்லாம் வர்றதில்லையே?" என்றார்.
கிளம்பிப் போனார்.

மணி பன்னிரண்டு நாற்பத்தாறு.
திங்கள் வரை என்று தவணை கொடுத்த இதே வாய்
லோரியின் பின்விளக்கு மறைவதற்குள் காய்ந்துவிட்டது.
திங்களுக்கு இடையில் எத்தனை ஒரு மணி இருக்கிறது என்று
யார் எண்ணிப் பார்த்தது?

போனை எடுத்தேன்.
ரோஸ்லியின் அறையில் மணி அடிக்கிறது.

மேடையில் யாரும் இல்லை.
எண் பூஜ்யத்துக்கு வரவில்லை,
இருபது கிலோ காட்டிக்கொண்டே இருக்கிறது.
சேறுதான்.
டயரிலிருந்து விழுந்த சேறு.