செலவுத் தலைப்பு

பணிப்பாளர் கேட்டது ஒரு வரிதான்:
"வகுப்பறைக்கு எவ்வளவு போனது,
பிள்ளைகளுக்கு எவ்வளவு வந்தது,
ஒரே தாளில் போட்டுத் தாங்கோ, சிவதாரிணி."

ஒரே தாள்.
இடப்பக்கம் ரூபாய்.
வலப்பக்கம் சாதாரண தரக் கணிதம்,
நூற்றுக்கு எத்தனை பேர்.
நடுவில் ஒரு கோடு. அடிமட்டம் வைத்துத்தான் கீறினேன்,
மின்விசிறிக் காற்றில் தாள் அசைந்து
கோணிப்போனது.

நிலாவெளிப் பக்கம் முதல் பாடசாலை.
நுழைவு வளைவுக்கு எட்டு இலட்சத்துப் பத்தாயிரம்.
வளைவின் உச்சியில் திறந்தபடி
சீமெந்தில் ஒரு புத்தகம்.
புரட்ட முடியாது.
கணிதம்: இருபத்தாறு.

இரண்டாவதில் ஒரு திறன் பலகை, நாலு இலட்சம்.
உறை இன்னும் கழற்றவில்லை.
பொருட்பதிவேட்டில் "நல்ல நிலையில்" என்றிருக்கிறது.
முப்பத்தொன்று.

இதுவரைக்கும் சுகம்.
மதிலுக்குப் போன காசு மதிலோடு நின்றுவிடும்,
பாடத்துக்குப் போனது பிள்ளைக்குள் இறங்கும் என்று
பென்சிலால் முடிவும் எழுதிவிட்டேன்.

பிறகு வெருகல் கட்டை அவிழ்த்தேன்.
கற்றல் உபகரணத்துக்கு ஒதுக்கியதில்
தொண்ணூற்றேழு வீதம் செலவு.
பீக்கர், வரைபுத் தாள், கவராயம் நாற்பது,
எல்லாம் சரியான தலைப்பின் கீழ்.
கணிதம்: பத்தொன்பது.

பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
காசு வந்ததே கார்த்திகைக் கடைசியில்.
மார்கழிக்குள் முடிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பும்.
பெட்டிகள் வந்து இறங்கியது
பரீட்சை முடிந்து பதினாறாம் நாள்.
கவராயம் நாற்பதும்
எந்த வட்டத்தையும் கீறாமல்
அலுமாரிக்குள் கூர் மடங்கிக் கிடக்கும்.

அழிறப்பரை எடுத்தேன்.

கடைசியாகக் கிண்ணியாவுக்கு அப்பால் ஒன்று.
வெண்கட்டி, ஒரு ரீம் கடதாசி,
மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூறு.
கணிதம்: எழுபத்திரண்டு.
பிழையாக்கும் என்று தொலைபேசி எடுத்தேன்.

"பிழையில்ல மிஸ்," என்றார் அதிபர் றியால்தீன்.
"ஹசீனத்து டீச்சர் பின்னேரமும் வகுப்பு வைக்கிறவ.
போட்டோக்கொப்பி அவட காசு.
பசியோட வாற புள்ளைகளுக்கு பிஸ்கட்டும் அவதான்."
"வருசத்துக்கு எவ்வளவு வரும், சேர்?"
"அவட மாப்பிள்ளைக்கிட்டதான் கேக்கணும்."

அவர் சிரித்தார். நானும்.
வைத்த பிறகுதான் பயம் வந்தது.

அந்தத் தொகைக்கு என்னிடம் தலைப்பு இல்லை.
கட்டத்தை வெறுமையாக விட்டால்
கணினி அதைப் பூச்சியமென்றே கூட்டும்.
கொழும்பில் யாரோ ஒருவர்
தேநீர் ஆறுவதற்குள் இந்தத் தாளைப் பார்த்துச் சொல்வார்:
"காசில்லாமலும் வருகுதே."
அடுத்த வருடம்
அந்தப் பன்னிரண்டாயிரத்திலும் கை வைப்பார்கள்.
கெட்டிக்காரியாய் இருந்ததற்கு
ஒரு டீச்சர் கட்டும் அபராதம்.

எனவே இரண்டாம் தாள்.
எந்த மாதம் காசு வந்தது என்று ஒரு நிரல்.
யாருடைய பையிலிருந்து என்று இன்னொன்று.
அதில் அனேகம் கேள்விக்குறிகள்.
ஒரு நிரலுக்குப் பெயரே வைக்கத் தெரியவில்லை,
"பின்னேரங்கள்" என்று எழுதினேன்.

அச்செடுக்கப் போனால் டோனர் முடிந்திருந்தது.
புதியதுக்கு விண்ணப்பம் போட்டு ஐந்து கிழமை.

மத்தியான வெயிலில் வீதிக்கு இறங்கினேன்.
கடை வாசலில் ஒரு புள்ளிமான்
மட்டைப் பெட்டியொன்றைச் சாவகாசமாய்த்
தின்றுகொண்டிருந்தது.
இரண்டு பக்கம், இரண்டு பிரதி.
நாற்பது ரூபாய் என்றான் பொடியன்.

பில் வேணுமா அக்கா?

வேண்டாம் என்றேன்.