மடித்த சட்டைக்கை

முந்தின நாள் சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போனேன்.
சென்னியப்பன், ஐம்பத்தாறு வயது.
வயிற்றுப் பெருநாடியில் சாத்துக்குடி அளவு வீக்கம்.
திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில்
தண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்ட்டில் ஆப்பரேட்டர்.

"வழியற ரத்தத்த உறிஞ்சி எடுத்துக் கழுவி
உங்களுக்கே திருப்பி ஏத்துவோமுங்க" என்றதும்
தலையணையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.
"பன்னண்டு வருசமா நானும் அதையேதானுங்க பண்றேன்.
சாயத்தண்ணி உள்ள போகும். உப்புத் தனி, தண்ணி தனி.
அதே தண்ணில மறுநாளும் துணி நனையும்."
பிறகு, வேலைக்காரன் வேலைக்காரனைக் கேட்கும் குரலில்:
"ஸ்லட்ஜ எங்கீங்க கொட்டுவீங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

மறுநாள்
என் இடம் டாக்டரின் முதுகுக்குப் பின்னால், மூலையில்.
திறந்த வயிறு எனக்குத் தெரியாது.
ஒரு குழாய் தெரியும்.
குழாயில் வருவதெல்லாம் சென்னியப்பன்.
வழியில் உறைந்துவிடாமலிருக்க
ஹெபாரின் சொட்டுச் சொட்டாய் அவரோடு சேரும்.
பஞ்சுத் துணியில் ஊறியதைக்கூட விடுவதில்லை;
சலைன் கிண்ணத்தில் அலசி அலசிப் பிழிகிறாள்
நர்ஸ் ஜெசிந்தா.

நிமிடத்துக்கு ஐயாயிரத்து அறுநூறு சுற்று.
கனத்த சிவப்பு சுவரோரம் ஒட்டும்.
லேசானதெல்லாம் கழன்று
கீழே தொங்கும் பைக்குப் போகும்:
உறைய வைப்பது, நோயை எதிர்ப்பது,
காயத்தைச் சேர்த்துப் பிடிப்பது.
அதுவும் அவர்தான்.
அதைத் திருப்பித் தர என் மிஷினுக்குத் தெரியாது.

பத்தே முக்காலுக்குப் பின்சுவரில் ஒரு தமனி பீறிட்டது.
டாக்டர் திரும்பாமலே "எவ்வளவு?" என்றார்.
"ரெண்டேகால் லிட்டர்."
அப்புறம் யாரும் பேசவில்லை.
இளநீர் தீர்ந்தும் ஸ்ட்ராவை விடாத குழந்தை போல
உறிஞ்சும் சத்தம் மட்டும்.

மூன்று கிண்ணம் திருப்பி ஏற்றினேன்,
எழுநூறு மில்லி சொச்சம், அவர் பேர் ஒட்டிய பையில்.
வங்கியில் எடுத்து வைத்த நாலு பையும்
குளிர்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

கழிவுப் பையில் நாலரை லிட்டர்.
வெளிறிய ரோஸ்.
நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்
நொய்யல் பாலத்தில் பஸ் ஏறும்போது
மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த அதே நிறம்.

வெளியே ஏழெட்டுப் பேர், பட்டறை டெம்போவில் வந்தவர்கள்.
கடைசி நாற்காலியில் தனியாக ஒருவர்.
"அவரோட அண்ணனுங்க, ராக்கியண்ணன்" என்றாள் தெய்வாத்தாள்,
சென்னியப்பன் மனைவி, குரலை இறக்கி.
கிணத்துப் பங்குக்குக் கோர்ட்டுக்குப் போய்
பதினோரு வருசமாய்ப் பேச்சில்லையாம்.
யார் சொன்னார்களோ, காலை ஆறுக்கே வந்து
சட்டைக்கையைத் தோள்வரை மடித்து உட்கார்ந்திருக்கிறார்.
ஒரே குரூப்பு.

"நல்லா இருக்காருங்க. வெளி ரத்தமே தேவப்படலீங்க."
தெய்வாத்தாள் கும்பிட்டாள்.
டெம்போக்காரர்கள் டீ குடிக்க எழுந்தார்கள்.
ராக்கியண்ணன் எழவில்லை.
"ஒரு பாட்டலு கூடவா வேண்டாமுங்?"
"அவருதே அவருக்குப் போதுமாயிருச்சுங்க."
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.
"அது சரி. அவன் எப்பவும் அப்பிடித்தான்."

உள்ளே போய்ப் பையை அளந்து எழுதினேன்.
ஹைப்போ கலந்து, நேரம் பார்த்து, சாக்கடையில் ஊற்றினேன்
(சென்னியப்பனுக்கு நான் சொல்லாத பதில் இதுதான்).
திரும்பி வந்தபோதும்
சட்டைக்கை இறங்கவில்லை.
முழங்கை மடிப்பில் புடைத்த நரம்பு,
மேலே பஞ்சு ஒட்டாமல்.

"பாக்கறதுக்கு எத்தன மணிக்குங்க உடுவாங்க?"