கடல்மட்டம், ஜெலுத்தோங்

திங்போச்சேயில் இரண்டாம் இரவு
விரலைக் கவ்விய கருவி
எண்பத்திரண்டு என்றது.
வழிகாட்டி பெம்பா டார்ச் அடித்து
என் உதட்டின் நிறம் பார்த்தான்.
தலைக்குள் யாரோ அம்மியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.
குடித்த பூண்டு சூப் பனியில் கிடந்தது.
தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும்.
நின்றதை அதுவே நினைத்துக்கொண்டு
திடுக்கிட்டு மறுபடி ஓடும்.

விடிந்ததும் மருந்து கேட்டேன்.
இறங்கு, என்றான்.
அவ்வளவுதான் வைத்தியம்.
அறுநூறு மீட்டர் இறங்கினேன்;
மத்தியானம் உருளைக்கிழங்கு ருசித்தது.

பினாங்கு திரும்பிய மூன்றாம் நாள்,
ஜெலுத்தோங் அடுக்குமாடியில்
அண்ணன் கதவைத் திறக்க நாலு நிமிடம்.
குணாளன், வயது ஐம்பத்தாறு.
கப்பல் பட்டறையில் இருபத்திரண்டு வருடம்
மணலைப் பீச்சித் துரு உரித்தவன்.
முகமூடி அங்கே யாரும் தரவில்லை.
சிகரெட் இவனாக வாங்கிக்கொண்டான்.
எதில் எவ்வளவு பங்கு என்று
டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை.

பயணக் கதையின் நடுவே, விளையாட்டாக,
கருவியை அவன் விரலில் மாட்டினேன்.
சிவப்பு எண் தடுமாறி, தடுமாறி,
எண்பத்துநாலில் நின்றது.
ஜன்னலுக்கு வெளியே கடல்.

"எட்டாயிரம் வெள்ளி குடுத்தா
மூச்சு முட்டப் போன?
இங்க சும்மாவே கெடைக்குதே!"
சிரித்தான். சிரிப்பு இருமலுக்குள் விழுந்து
எழுந்துவர வெகுநேரம் ஆனது.
கோப்பிக் குவளையைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு விளக்க வேறு செய்தேன், மடைச்சி.
அங்கே காற்று மெலிவு, கதவு நல்லாயிருந்தது.
இங்கே காற்று நிறைய இருக்கு,
கதவுதான் துருப்பிடிச்சு…
"துரு எனக்குத் தெரியாதா?" என்றான்.

இறங்கு என்று இவனிடம் யார் சொல்வது?
இவனுக்குக் கீழே
கடல்தான் இருக்கிறது.

மருத்துவமனை போய்த் திரும்பிய அன்று
லிஃப்ட் பழுது. நான்கு மாடி.
பெம்பாவின் சொல் ஒன்று கைவசம் இருந்தது:
பிஸ்தாரே. மெல்ல, மெல்ல.
நாலு படி, ஒரு நிறுத்தம்.
உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்தி அணையாதபடி
ஊதச் சொன்னேன்.
"நீ ஊது, நான் பாக்குறேன்" என்றான். ஆனாலும் ஊதினான்.
முதல் மாடியில் யாரோ கருவாடு பொரிக்கிறார்கள்.
இரண்டாம் மாடியில் ஊதுவத்திப் புகை;
அங்கே நிற்காமல் கடந்தோம்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில்
மிஸ்டர் கூ ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்,
ஒரு வருடமாக,
யாருக்கென்று யாரிடமும் சொல்லாமல்.

அண்ணன் அதில் உட்கார்ந்தான்.
சுமத்ராவின் புகைமூட்டத்தில்
கொடிமலை இருக்குமிடம் வெள்ளையாய்க் கிடந்தது.
"அது எவ்வளவு உசரம்?"
எண்ணூறு மீட்டர் சொச்சம்.
"அங்க வருமா, ஒனக்கு வந்தது?"
வராது.
"எனக்கு?"

நான் கருவியைத் தேடுவதுபோல்
பையைக் கிளறினேன்.

அவன் கைப்பிடியைப் பற்றினான்.
"இன்னும் பதினெட்டுப் படி," என்றான்,
எண்ணிப் பார்க்காமலே.