தடம் பதினொன்று

இலோமான்சியில் ஏப்ரல் பிறந்தும் பனி விடவில்லை.
அதிகாலை மூன்றரைக்குச் சாலை சுரண்டும் வண்டியில் ஏறி
இஞ்சின் சூடாகும்வரை
கைப்பேசியில் தட்டினேன்:
பெரிய வெள்ளி, அடக்கப் பாட்டு, ஆறாம் தொனி.

செயலிக்கு என்மேல் எவ்வளவு கரிசனம்!
தூக்கம் வர மடாலய மணியோசை, எட்டு மணி நேரம்.
கவனம் குவியத் துறவிகளின் முணுமுணுப்பு,
பின்னணியில் மழை.
பட்டாசுக்கு மிரளும் நாய்களுக்கென்று ஒன்று.
அதுவும் ஏறக்குறைய ஆறாம் தொனிதான்.

ஒரு தொகுப்பைத் திறந்தேன்.
சிலுவையிலிருந்து இன்னும் இறக்கியே ஆகவில்லை,
அதற்குள் உயிர்த்தெழுந்தார் என்று
எண்பது தொண்டைகள் இடித்து முழக்கின.
வரிசையைக் கலைக்கும் பொத்தான் அமுங்கியிருந்திருக்கிறது.
அடுத்து, குளிர்கால டயர் விளம்பரம்.
அதற்கும் பிறகுதான் கல்லறை.

பாடியவர் என்ற இடத்தில் இயற்றியவர்.
இயற்றியவர் என்ற இடத்தில் ஒலிப்பதிவுக் கூடம்.
ஒரே துதிக்கு நான்கு எழுத்துக்கூட்டல்,
நான்கையும் தட்டினால் நான்கு வேறு பாட்டு.

எங்கள் குழுவில் வர்வாராவோடு ஏழு பேர்.
பகலில் பல்செட்டுக்கு அச்சு வார்ப்பவள்,
ஞாயிறுகளில் எங்களை வார்க்கப் பார்ப்பவள்.
"இது எல்லோருக்கும் தெரியும்தானே?" என்று கேட்டாள்.
ஆறு தலைகளும் ஆடின,
என்னுடையது கொஞ்சம் அதிகமாகவே.

புதன்கிழமை, தேடி அலுத்த இடத்துக்கும் கீழே,
படமில்லாத சாம்பல் சதுரம்.
தடம் 11. பாடியவர்: தெரியவில்லை.
கேட்கப்பட்டது: 43 முறை.

இஞ்சினை அணைத்துவிட்டேன்.
மரச்சுவர்கள் கொண்ட சின்ன அறையாக இருக்க வேண்டும்.
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள்.
நாலைந்து குரல்கள்;
ஒருத்திக்குச் சுருதி அரைமயிர் கீழே,
அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.
இரண்டு நிமிடம் பதினேழாவது நொடியில்,
கல்லைப் புரட்டி மூடுகிற வரிக்கு முன்னால்,
அவள் இருமுகிறாள்.
மற்றவர்கள் அதன்மேல் பாடிவிடாமல்
ஒரு மூச்சளவு நிற்கிறார்கள்.
பிறகு எல்லோருமாய்க் கல்லை மூடுகிறார்கள்.

வியாழன்: 51.
வெள்ளி காலை: 68.
ஒன்பது என்னுடையவை, ஒப்புக்கொள்கிறேன்.
மீதிக் கணக்கைப் பற்றி
அப்போது எனக்கு யோசனை ஓடவில்லை.

சனிக்கிழமை வேண்டுதலுக்கான பெயர்ச்சீட்டில்
என் ஆட்களை எழுதி முடித்தபின்
அவளையும் எழுதத் தோன்றியது.
பெயர் தெரியாது. ஆண்டு தெரியாது.
இருக்கிறாளா, இல்லையா?
இருப்போருக்கும் மறைந்தோருக்கும் நடுவே
அச்சடித்த கோட்டின்மேலேயே
தடம் பதினொன்று என்று எழுதி மடித்துக் கொடுத்தேன்.
குருவானவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்,
எதுவும் கேட்கவில்லை.

மாலை, அடக்கத் துணியைத் தூக்கி வந்தார்கள்.
பாடினோம்.
அந்த இடம் வந்தது.
நான் நிறுத்தினேன்.
என் பக்கத்தில் தெப்போ நிறுத்தினான்.
ஓய்வா, சிர்க்கா, பின்வரிசை,
எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.
யாரும் இருமவில்லை.
மெழுகு சொட்டுவது கேட்டது.
வர்வாராவின் கையோ
எங்களுக்கு முன்பே காற்றில் நின்றுவிட்டிருந்தது.

ஒரு மூச்சு.
பிறகு ஏழு பேரும் ஒரே நொடியில் நுழைந்தோம்.
பதினோரு வருடத்தில்
ஒரு வரிக்குள் நாங்கள் சேர்ந்து நுழைந்ததே இல்லை;
எப்போதும் யாராவது செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பது போல
பின்தங்கி வருவோம்.

வெளியே வண்டிக் கண்ணாடிகளில் படிந்த பனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
யோயென்சுவிலிருந்து வந்திருந்த பெண்ணொருத்தி
கையுறையை மாட்டியபடி கேட்டாள்:
"நடுவில் அந்த மௌனம், அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

"இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்"
என்றாள் வர்வாரா, சுரண்டுவதை நிறுத்தாமல்.

தெப்போ இருமினான்.
உண்மையிலேயே சளி என்று
இன்றுவரை சாதிக்கிறான்.