காய்ந்தது எது

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் கொட்டகை.
ஆடி மழை. சேற்றில் வெறுங்கால்.
சன்னாசி மெஷினைத் தொட்டான்,
பிறகு மெஷின் அவனைப் பிடித்துக்கொண்டது.

“விடுடா” என்று கத்தினோம்.
விடச்சொல்லும் நரம்பில்
வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

மெயின் சுவிட்ச் பூட்டிய அறைக்குள்.
கம்பு ஈரம், சாக்கு ஈரம், நாங்கள் ஈரம்.
இந்த ஊரில் இந்த மாதத்தில் காய்ந்தது எது?

எடைமேசை டிராயரில் கணக்கு நோட்டு.
அவன் வாங்கிய முன்பணமெல்லாம் ஏறிய
அந்தத் தடித்த நோட்டால்
ஓங்கி அடித்தேன். கை கழன்றது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாள்:
ஈரத்தோல் கதவைத் திறந்துவிடும்.
கையில் ஏறிக் காலில் இறங்கும் வழியில்
நெஞ்சு இருக்கிறது.
அதற்கும் சொந்தமாய்த் துளி மின்சாரம் உண்டு.
தாளம் தப்பினால் துடிக்காது,
வெறுமனே நடுங்கும்.

ராத்திரி
என் நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிறேன்.
மீட்டர் இல்லாமல் ஓடுகிறது.